முந்நூற்றொன்றாவது ஆள்

சைகோன் துறைமுகம், 1955. காரைக்காலுக்குக் கிளம்ப வேண்டிய கப்பலைத் துறைமுகப் பாதுகாப்பு அதிகாரி அபூசாலி மரைக்காயர் நிறுத்தி வைத்திருந்தார்.

"உயிர்காப்புப் படகுகள்ல மொத்தம் முந்நூறு பேருக்குத்தான் இடம். பட்டியல்ல முந்நூத்தியொண்ணு இருக்கு. ஒருத்தர் இறங்கணும்."

"சண்டைக்குப் பயந்து ஓடுற சனம், மொசியே. அடுத்த கப்பல் வருமோ வராதோ!" கப்பல் ஏஜெண்ட் அந்துவான் கெஞ்சினார். பக்கத்தில் ஒரு தாயின் தோளில் தூங்கிய குழந்தையைக் காட்டினார். "ஒரு வயசு நிறையாத புள்ள கணக்குல வராதுன்னு சட்டமே இருக்கு. இதுக்குப் பதினோரு மாசம்னு எழுதிடுங்க."

"போன வெள்ளிக்கிழமையோட ஒரு வயசு முடிஞ்சிடுச்சு. அவனுக்கும் படகுல இடம் வேணும்."

தாய் தலை குனிந்து நின்றாள்.

அந்துவானுக்குக் கோபம் வந்தது. "பொறந்த தேதிச் சீட்டைக்கூடப் பாக்கலை. எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"பொறந்தன்னைக்கு அவன் காதுல பாங்கு சொன்னவன் நான். அவனோட வாப்பா."



மரைக்காயர் சட்டைப் பையிலிருந்து அதே கப்பலுக்கான தன் பயணச்சீட்டை எடுத்து அந்துவான் கையில் வைத்தார்.

"இப்ப முந்நூறு. கப்பலை எடுக்கச் சொல்லுங்க."