சுவருக்கு அந்தப் பக்கம்

“அந்தக் காமெடி டைரக்டர் எடுத்ததுல உங்களுக்குப் பிடிச்ச படம் எதும்மா? சொல்லுங்க, நிறுத்தாம பேசுங்க” என்றது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஆண் குரல்.

அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறைக்கு லென்ஸ் பெட்டி எடுக்கப் போனவள், பெட்டியில் கை வைப்பதற்குள் மூன்று மாடியும் தலைமேல் இறங்கிவிட்டது. இரும்பு அலமாரி சுவரில் சாய்ந்து நின்றதால் உயிர் பிழைத்தாள். இடது கை எதன் அடியிலோ மாட்டியிருந்தது; அது இன்னும் தன் கைதானா என்றே அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு.

கத்திக் கத்தித் தொண்டை வற்றிய பிறகுதான் அந்தக் குரல் கேட்டது. “பயப்படாதீங்கம்மா. நான் மீட்புப் படை ஆளு. உங்களுக்குப் பக்கத்துலயேதான் இருக்கேன். கத்தினா மூச்சு வாங்கும். மெதுவா ஏதாவது பேசிக்கிட்டிருங்க. சினிமா பாப்பீங்களா?”

டிவியில் போட்டால் பார்ப்பேன், மகளுக்கு அந்தக் காமெடி டைரக்டர் படமென்றால் உயிர் என்று அழுகையோடு சொல்லிவைத்தாள். மனிதர் அதையே பிடித்துக்கொண்டார்.

“சொல்லுங்கம்மா, எந்தப் படம்?”

“நான் துணி மடிச்சுக்கிட்டே பாக்கறவ சார். எனக்கென்ன தெரியும்? அந்தத் திருடன், பல் டாக்டர் கிளினிக்ல ஒளிஞ்சுக்கிட்டு டாக்டராவே நடிப்பானே, அது நல்லா இருக்கும்.”

“இன்ஸ்பெக்டருக்கே பல்லைப் பிடுங்குவானே!”

“அதுவும் நல்ல பல்லா பாத்துப் பிடுங்குவான். எங்க வீட்டுக்காரரு ஜோக்கு வர்றதுக்கு முன்னாடியே சிரிச்சுக் கெடுத்துருவாரு.”

மேலே ஏதோ முறிந்தது. பொலபொலவென்று மண் அவள் முகத்தில் கொட்டியது.

“சார்! இறங்குது சார்! சார், இருக்கீங்களா?”

பதில் இல்லை. போய்விட்டாரா? தன்னை விட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டார்களா?

வெகுநேரம் கழித்து இருமல் கேட்டது. “இருக்கேன்மா. எங்க ஆளுங்க கல்லை நகர்த்தறாங்க, அந்தச் சத்தம்தான்.”

“அப்ப ஏன் சார் டார்ச் வெளிச்சம்கூடத் தெரியல?”

“சுவர் தடிமன்மா. அடுத்த படத்துக்கு வாங்க.”

“செத்துட்டாருன்னு நினைச்ச மாமனார் திரும்பி வருவாரே, அது முதல் பாதி வரைக்கும்தான் நல்லா இருக்கும். அப்புறம் எல்லாரும் எல்லாரையும் துரத்துவாங்க. படத்தை முடிக்கத் தெரியலைன்னா அந்த டைரக்டர் உடனே துரத்த விட்டுருவாரு.”

“அப்படிச் சொல்லாதீங்க. எனக்கு அந்த ஓட்டம்தான் பிடிக்கும். என்ன குழப்பம் நடந்தாலும் கடைசியில எல்லாரும் ஒரே வாசல்ல வந்து நிப்பாங்கல்ல?”

“நிஜத்துல அப்படி நிப்பாங்களா சார்?”

குரல் கொஞ்சம் தயங்கியது. “நீங்க நிப்பீங்கம்மா.”

“மணி என்ன சார்? நாலு மணிக்கு பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்துருவா. சாவி என்கிட்ட இருக்கு.”

“மூணே கால்தான் ஆகுது. அதுக்குள்ள போயிரலாம். கடைசியா வந்த படம் பாத்தீங்களா?”

“சுத்த மோசம். சிரிக்க வைக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு எதுக்கு சார் அட்வைஸ்? பாதியில எழுந்து துணி காயப்போடப் போயிட்டேன்.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் அறுந்து முனகலாக முடிந்தது.

“என்ன ஆச்சு சார்?”

“ஒண்ணுமில்ல... சிரிச்சா விலாவுல பிடிச்சுக்குது. நீங்க பேசுங்க.”

அவள் பேசினாள். பார்த்த படம், பார்க்காத படம், மகள் வாயால் கதை மட்டும் கேட்ட படம், எதையும் விடவில்லை. அந்தப் பக்கத்துக் குரல் வரவரத் தேய்ந்து, கடைசியில் “ம்” என்று மட்டும் ஒலித்தது. ஒவ்வொரு “ம்”முக்கும் இடையில் அவள் செத்துச் செத்துப் பிழைத்தாள்.

எத்தனை நேரம் ஆனதோ, தலைக்கு மேலே இயந்திரம் உறுமியது. ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது. பிறகு கைகள், கயிறு, ஸ்ட்ரெச்சர். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் கணவனும், பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாத மகளும் நின்று கதறிக்கொண்டிருந்தார்கள்.

அவள் தீயணைப்பு அதிகாரியின் சட்டையைப் பிடித்தாள். “சார், சுவருக்கு அந்தப் பக்கம் உங்க ஆளு ஒருத்தரு இருக்காரு. அவரு மட்டும் பேச்சுக் கொடுக்கலைன்னா பயத்துலயே செத்திருப்பேன். பாவம், களைச்சுப் போயிட்டாரு. வெளிய வரச் சொல்லுங்க.”

அதிகாரி திகைத்தார். “எங்க ஆளா? நாங்க உள்ள யாரையுமே அனுப்பலையேம்மா. அந்தச் சுவருக்குப் பின்னாடி மாடிப்படிதான் இருந்துச்சு. அது மொத்தமா உக்காந்துருச்சு.”

சொல்லி முடித்த மறுகணமே அவர் முகம் மாறியது. “டிரில்லரை இந்தப் பக்கம் கொண்டு வாங்க!” என்று அலறிக்கொண்டு ஓடினார்.

முக்கால் மணி நேரம் கழித்து சுவரைத் துளைத்துக் கையை நீட்டிய தீயணைப்பு வீரரின் விரல்களை, படிக்கட்டுக்கு அடியில் இடுப்புவரை நசுங்கிக் கிடந்த கூரியர்காரர் ஒருவர் இறுகப் பற்றிக்கொண்டார். “எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க, விட்டுட்டுப் போயிடாதீங்க” என்று குழந்தை மாதிரி விசும்பத் தொடங்கினார்.