பச்சை விளக்கு

ஒரு விடுதியின் வெந்நீர்த் தொட்டியில் தண்ணீரும் வடிகட்டியும் சிநேகிதர்கள். எண்ணெய்த் தலையோடு விருந்தாளிகள் குளிக்க இறங்கி இறங்கி, வடிகட்டிக்கு மூச்சு அடைத்தது.

"நான் கலங்கிக்கிட்டே வர்றேன்டா. அடைப்பைக் காட்டுற உன் சிவப்பு விளக்கைப் போடேன், யாராவது வந்து பாப்பாங்க," என்று கெஞ்சியது தண்ணீர்.

"ஐயோ, அடைச்சிருக்குன்னு தெரிஞ்சா என்னைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க!" என்ற வடிகட்டி பச்சை விளக்கையே எரியவிட்டது.

நாற்றம் கிளம்பியதும் விடுதிக்காரர் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியைத் திறந்துவிட்டார். தண்ணீர் அலறிக்கொண்டே சாக்கடைக்குள் போனது.

பிறகு வடிகட்டியைக் கழற்றி, குழாயடியில் நன்றாக அலசி, திரும்ப மாட்டினார். அவ்வளவுதான்.

புதுத் தண்ணீர் நிரம்பியது. "எனக்கு முன்னாடி இங்க யாரு இருந்தாங்க?" என்று கேட்டது.

"யாருமில்லையே," என்றது வடிகட்டி. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.