நாரை விழுங்கிய சின்ன மீன்

"நீ உட்கார்ந்தா கிளையே வளையுதே!" என்று தோழிகள் கேலி செய்த நாளிலிருந்து நாரை பூவரசி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். யார் கேட்டாலும், "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பாள். இறகு கொட்டியது. பறந்தால் மூச்சு வாங்கியது. ஆனாலும் குளத்து நீரில் பார்க்கும்போதெல்லாம் அவள் கண்ணுக்கு அவள் குண்டாகவே தெரிந்தாள்.

ஆமை அஞ்சலை அவளைத் திட்டவில்லை. "எனக்குப் பயமா இருக்குடி. வைத்தியர்கிட்ட போவோம், நானும் வரேன்" என்றாள்.

வைத்தியர் கூழைக்கடா பூவரசியை வெகுநேரம் பேசவிட்டுக் கேட்டார். "இது பிடிவாதம் இல்லம்மா, நோய். கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடு. பயம் வந்தா என்கிட்ட வந்து சொல்லு. நாளாகும், ஆனா குணமாகும்" என்றார்.

மறுநாள் ஒரு சின்ன மீனை விழுங்கி முடிக்கப் பூவரசிக்கு உச்சிவேளை ஆகிவிட்டது. விழுங்கியதும் அழுதாள். அஞ்சலை பக்கத்திலேயே இருந்தாள்.

அஞ்சலை கிளம்பும்போது பூவரசி மெல்லக் கேட்டாள்: "நாளைக்கு நான் சாப்பிடுறப்பவும் வருவியா?"