முந்தி நின்ற சிவப்புப் புள்ளி

ஆளுக்கு ஒரு வரி. அதில் இறந்த தேதிக்கு நீலப் புள்ளி, காப்பீட்டுப் பணம் கேட்டு மனு வந்த தேதிக்குச் சிவப்புப் புள்ளி. இப்படி இரண்டு தேதிகளையும் ஒரே வரைபடத்தில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள் எஸ்தர். நீலத்துக்குப் பின்னால்தான் சிவப்பு வர வேண்டும். ஆள் போன பிறகுதானே மனு. சேலம் கிளையில் ஒரே ஒரு வரியில் சிவப்பு முந்தி நின்றது. மனு வந்தது திங்கட்கிழமை. நீலப் புள்ளி இன்றைய தேதியைத் தாண்டி, நாளைக்கு நேராக இருந்தது.

மேலாளர் தணிகாசலம் எட்டிப் பார்த்தார். "டைப்பிங் மிஸ்டேக்கும்மா. அந்த வரியை எடுத்துட்டு அனுப்பு."

எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. ஸ்கேன் செய்து வைத்திருந்த மனுவைத் திறந்தாள். அடித்தல் திருத்தல் இல்லாத குண்டுக் கையெழுத்தில், இறந்த நாளாக நாளைய தேதிதான் இருந்தது. கீழே, இறந்தவர்: பொன்னுரங்கம். மனுதாரர்: தம்பி ஏகாம்பரம்.

இறந்ததாக எழுதியிருந்தவரின் எண்ணுக்கே போன் போட்டாள். யாரும் எடுக்கக் கூடாது என்று ஏனோ நினைத்தாள். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்கள்.

"பொன்னுரங்கம் பேசறேன், சொல்லுங்க."

எஸ்தர் மனுவிலிருந்த தேதியை இன்னொரு முறை பார்த்தாள். "சார், நாளைக்கு... வீட்டுலதான இருப்பீங்க?"

"நாளைக்கா? இல்லம்மா, தம்பிகூட ஒகேனக்கல் போறேன்," என்றார் அவர் சந்தோஷமாக. "பத்து வருஷமாப் பேசாதவன், திங்கட்கிழமை அவனே தேடி வந்து கூப்பிட்டான்."