மொஹிதீனின் கடல்

மலைநாட்டுப் பதுளை டவுனில், மொஹிதீனின் செருப்பு யாவாரத்துக்கு முன்னால் நல்லையா கொய்யாக் கூடையை இறக்கினான். மொஹிதீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவேளை, காலையில் ரேடியோவில் கேட்டது கைகொடுத்தது.

"தம்பி, கடல் சட்டம் தெரியுமா? ஒரு நாட்டுக் கரையிலயிருந்து இருநூறு கடல் மைலுக்கு மீனெல்லாம் அந்த நாட்டுக்குத்தான். மத்த நாட்டுக் கப்பல் போகலாம், வரலாம். மீன் புடிக்க ஏலாது."

"பதுளையில ஏதுங்க கடலு, நானா?"

"இது என்ட கரை. முன்னுக்கு உள்ளதெல்லாம் என்ட கடல். நடந்து போ, யாவாரம் பண்ணாத!"

நல்லையா கூடையைத் தூக்கும்போது, புடவைக் கடை முதலாளி சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.

"நானா, என்ட படியில விரிச்ச பாயைச் சுருட்டுங்க. கடை தொறக்கணும்."

மொஹிதீன் அவசரமாகச் செருப்புகளை அள்ளினார். நல்லையா கூடையை நீட்டினான்.

"இதுல போடுங்க நானா. இனி ரெண்டு பேருமே கப்பல்தாங்க."