நைதாவின் தொப்பி

"இது என்ன நிறம்?"

மிலுஸ்கா ஸ்பானிஷ்ல கேட்டுட்டு, நைதாங்கிற பொண்ணு தலையில இருந்த சிவப்புத் தொப்பியைக் காட்டினா.

முன் பெஞ்சுப் பொடியன் வாயைத் திறந்தான். நைதா தொப்பியை லேசா தொட்டா. பொடியன் வாய்ல வந்த பதில் இருமலா மாறிடுச்சு.

"மனா யச்சனிச்சு!" வகுப்பே கோரஸ் பாடுச்சு.

காலையிலேருந்து எதைக் கேட்டாலும் இதே பாட்டுதான். அந்த ஊர்க்காரங்களோட கெச்சுவா பாஷைல 'எனக்குத் தெரியாது'ன்னு அர்த்தம்.

"உன் பேர் என்ன?"

"தெரியாது!"

"நீ பையனா, பொண்ணா?"

"தெரியாது!"

தலைநகர் லிமாவுல வாத்தியார் படிப்பு படிக்கிறவ மிலுஸ்கா. மலைமேல, கெச்சுவாவும் ஸ்பானிஷும் சொல்லித்தர்ற இந்த ரெண்டு பாஷைப் பள்ளிக்கூடத்துல ஸ்பானிஷ் எப்படி ஏறுது, வகுப்பு எப்படி நடக்குதுன்னு பார்த்துச் சொல்ல வந்திருந்தா. அவ சொல்றது நேரா கல்வி ஆபீஸுக்குப் போகும்.

"நேத்து எல்லாரும் நல்லாப் பேசினாங்க மிஸ்!" வாத்தியார் ஃபவுஸ்தினோவுக்கு வேர்த்துக் கொட்டுச்சு.

"நேத்துன்னா எல்லாரும்தான் சார் நல்லாப் பேசுவாங்க. நான் வந்தாதான் நாக்குக்குக் காய்ச்சல் வந்துடும்."

"ஆனா பாருங்க, எவ்வளவு அமைதியா உக்காந்திருக்காங்க..."

"கல்லறைலகூடத்தான் சார் அமைதியா இருக்காங்க! அஞ்சு வருஷமா என்ன கிழிச்சீங்க? இந்த ரூம்ல உருளைக்கிழங்கு நட்டிருந்தாக்கூட அஞ்சு அறுவடை எடுத்திருக்கலாம்!"

அவர் கண்ணு கலங்கிப்போச்சு. "நான்தான் லாயக்கில்லாதவன் போல"ன்னு முனகிட்டே, ஒண்ணுமே எழுதாத போர்டை அழிச்சார்.

மணி அடிச்சுது. போன்ல சிக்னல் தேடி மிலுஸ்கா பின்பக்கச் சுவரோரம் போனா. அந்தப் பக்கம் பசங்க பந்து விளையாடிட்டிருந்தாங்க. எவனோ ரேடியோக்காரன் மாதிரி வர்ணனை வேற.

"இதோ வருகிறார் மிஸ் மிலுஸ்கா! கேள்வியை ஓங்கி உதைக்கிறார்! முகம் தக்காளியாகச் சிவக்கிறது! கோல் விழுமா... நைதா தடுத்துவிட்டாள்ள்ள்! அபாரம்!"

சுத்தமான ஸ்பானிஷ். ஒரு பிசிறு இல்ல. பேசினது அந்த முன் பெஞ்சு இருமல்காரன்.

மிலுஸ்கா சுவரைச் சுத்திப் பாய்ஞ்சா. "அடப்பாவிகளா! பேர்கூடத் தெரியாதுன்னீங்களேடா! அங்க உங்க சார் அழுதுட்டிருக்காரு, தெரியுமா?"

"தெரியும் மிஸ்." நைதா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "யாராவது பார்க்க வந்தாலே அழுவாரு. அவங்க கிளம்பினதும் எல்லாத்தையும் ஸ்பானிஷ்ல பேசிக் காட்டுவோம். உடனே சிரிச்சுடுவாரு, பாவம்."

"அப்ப எதுக்குடி இந்த நாடகம்?"

"மேல் ஊர்ப் பசங்க ஆபீஸ்காரங்க முன்னாடி ஸ்பானிஷ்ல பொளந்து கட்டினாங்க மிஸ். 'இவங்களுக்குத்தான் வந்துருச்சே, இனிமே ரெண்டு பாஷை டீச்சர் எதுக்கு?'ன்னு அந்த டீச்சரை மாத்திட்டாங்க. புதுசா வந்தவரு கெச்சுவாவுல தும்மினாக்கூட வெயில்ல நிக்க வைக்கிறாராம்."

"எங்க சார் திட்டுறதுகூட எங்க பாஷைலதான் மிஸ். அதனால அழுகையே வராது"ன்னான் பொடியன்.



மிலுஸ்கா கையில போன் அடிச்சுது. காலேஜ் மேடம். ஸ்பீக்கர்ல போட்டா.

"என்னம்மா மிலுஸ்கா, பசங்களுக்கு ஸ்பானிஷ் வந்துருச்சா? வந்துட்டா அந்த வாத்தியாரை வேற ஊருக்கு மாத்திடலாம்னு ஆபீஸ்ல காத்துட்டிருக்காங்க. சட்டுனு சொல்லு."

பந்து நின்னுபோச்சு. பசங்க மொத்தமும் அவ வாயையே பார்த்துது.

மிலுஸ்கா வாயைத் திறந்தா. நைதாவோட கை மெதுவா தொப்பிக்குப் போச்சு.

முதல்ல ஒரு இருமல்தான் வந்துச்சு. அப்புறம் சொன்னா:

"மனா யச்சனிச்சு, மேடம்."