அம்புக்குறி போடாத கட்டை

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் புதுக் கிட்டாரை என் மனைவியின் மடியில் வைத்தேன்.

நெக்கை, அதாவது இடது கை பிடிக்கிற கழுத்துக் கட்டையை, கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பார்த்தால் பளபளப்பில் மயங்கிவிடுவோம், கை ஏமாந்துபோகும். என் பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் இதைத்தான் சொல்வேன். எலக்ட்ரிக் கிட்டாருக்கு நெக் செதுக்குவதில் எனக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம். வாய்ச்சவடாலுக்கும் அதே வயது.

வாசலில் வேன் நின்றது. ஐந்து மணிக்கு அவளுக்கு ரெக்கார்டிங். மூன்று மணி நேரம் விடாமல் வாசிக்க வேண்டும்.

ஒரு வருடமாக இடது பெருவிரல் மூட்டு அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. பழைய கிட்டாரின் நெக் ரொம்பச் சன்னம். சன்னமாக இருந்தால் கைக்குச் சுகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதெல்லாம் சும்மா. பிடிக்க ஒன்றும் இல்லாதபோதுதான் பெருவிரல் இன்னும் இறுக்கும்.

"புதுசும் சரிப்படலேன்னா நான் வாசிக்கிறதையே விட்டுடறேங்க" என்று போன மாதம் சொன்னாள். அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் அவள் கைக்கென்றே ஒரு நெக். நெக் அகலத்துக்கு ஒரு கட்டை எடுத்து, அதன் முதுகில் களிமண் அப்பிக் கொடுப்பேன். கிட்டார் வாசிப்பதுபோல் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பெருவிரல் எங்கே அழுத்துகிறது, விரல்கள் எங்கே வளைகின்றன என்று களிமண் சொல்லிவிடும். அதைப் பார்த்து ஒரு பக்கம் தடிமனாகவும் மறு பக்கம் சன்னமாகவும் செதுக்குவேன்.

கட்டையைத் திருப்பி வாங்கியதும் எந்த முனை கிட்டாரின் தலைப்பக்கம் என்று ஓர் அம்புக்குறி போட வேண்டும். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் மறக்காமல் போடுவேன். இவளுக்குப் போடவில்லை. என் பெண்டாட்டி கை எனக்குத் தெரியாதா?

வார்னிஷ் காய்ந்து, இன்று மதியம்தான் ஸ்ட்ரிங் மாட்டினேன். அவள் கைக்குச் செய்ததை நான் ஏன் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு கர்வம் வேறு.

அவள் விரல்கள் நெக்கில் பட்ட அந்த நொடியில்தான் மேஜையைப் பார்த்தேன். நெக்கின் வரைபடம் விரித்தபடி கிடந்தது. செதுக்கும்போது வைத்த இடத்திலேயே, அதன் மேல் களிமண் கட்டை. வரைபடத்தில் தலை இருந்த பக்கத்தில் சுண்டுவிரலின் தடம் பதிந்திருந்தது.

தலைப்பக்கம் இருக்க வேண்டியது ஆள்காட்டி விரல்.

கட்டையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு செதுக்கியிருக்கிறேன். பெருவிரலுக்குத் தடிமனாக இருக்க வேண்டிய பக்கம் சன்னம். சன்னமாக இருக்க வேண்டிய பக்கம் தடிமன். பழைய நெக்கைவிட இது மோசம்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. சறுக்கியது யானை என்று யார் சொன்னது? கழுதை. வெளியே தாடி ஹாரன் அடித்தான். அவள் இசைக்குழுவின் தலைவன் அவன்தான், அவனுக்கு எப்போதும் அவசரம்.

அவள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் அவள் பெருவிரலையே பார்த்தேன். ஆள்காட்டி விரலை ஆறு ஸ்ட்ரிங்குக்கும் குறுக்கே போட்டு அழுத்தினாள். மூட்டுக்கு உயிர் போகிற இடம் அதுதான். அழுத்தியபடியே நிறுத்தினாள். ஒலி நடுங்காமல் நின்றது. இன்னொரு முறை அழுத்தினாள்.

கண்ணைத் திறந்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு சிரித்தாள். "கையில அப்படியே உக்காருதுங்க. வலியே இல்ல."

போன உயிர் திரும்பி வந்தது. ஆண்டவா, இப்படியும் ஓர் அதிர்ஷ்டமா! தப்பாகச் செதுக்கியதுதான் அவள் மூட்டுக்குச் சரியாக அமைந்துவிட்டது போலிருக்கிறது. உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனதில் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

"பின்னே, செஞ்சது யாரு?" என்றேன். அதையும் சொன்னேன்.

கை முழுக்க மரத்தூளாக இருக்கிறது, கழுவிவிட்டு வாருங்கள் என்று விரட்டினாள். நான் வருவதற்குள் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்திருந்தாள். நானே தோளில் மாட்டிக்கொண்டு போய் வேனில் வைத்தேன். இந்த மாதிரி நெக் உலகத்திலேயே ஒன்றுதான் என்று தாடியிடம் அளந்துவிட்டேன். அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, போய்விட்டு வருகிறேன் என்று தலையை ஆட்டினாள்.

வேன் திரும்பிப் போனதும் உள்ளே வந்து, மரத்தூளைக் கூட்டினேன். விசில்கூட அடித்தேன். பெருக்கிக்கொண்டே போனபோது கதவுக்குப் பின்னால் ஒரு கிட்டார் சுவரில் சாய்ந்திருந்தது. அதன் மேல் என் பழைய சட்டையைப் போர்த்தியிருந்தாள். காலையில் அவள் உறையோடு கொண்டுவந்த பழைய கிட்டார். பாவம், இனி இதற்கு ஓய்வு என்று சட்டையை எடுத்தேன்.

புது வார்னிஷ் வாசனை அடித்தது.

நெக்கைக் கையில் பிடித்துப் பார்த்தேன், முதல் முறையாக. இரண்டு நிமிடம்கூடப் பிடிக்க முடியவில்லை. இதை வாசித்துவிட்டுத்தான் அவள் சிரித்தாள். இப்போது அந்தப் பழைய கிட்டாரின் சன்ன நெக்கில் மூன்று மணி நேரம் வாசிக்கப் போயிருக்கிறாள். வாசிப்பதெல்லாம் இன்றோடு சரி என்று முடிவு செய்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

போனை எடுத்து அழைத்தேன். அணைத்து வைத்திருந்தாள். மணி ஐந்தே கால், முதல் பாட்டு ஆரம்பித்திருக்கும்.